ஒரு கையெழுத்துக்குப் பதில் ஒரு கட்டுக் காகிதம்

2023 அக்டோபர் 17 அன்று, தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது நம்ம ஏரியா பேச்சில் இப்படித்தான் வரும்: ரெண்டு பேரும் சேர்ந்து வாழலாம், யாரும் கை வைக்கக் கூடாது, ஆனா கல்யாணம்னு பதிவு பண்ண முடியாது, வேணும்னா சட்டம் போடுறவங்களைப் போய்க் கேளுங்க. திருமணம் செய்துகொள்வது அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை ஆகாது என்பதில் ஐவருக்கும் ஒரே கருத்து. சிறப்புத் திருமணச் சட்டத்தின் சொற்களைத் தன்பாலின இணையருக்கும் பொருந்தும்படி நீதிமன்றமே மாற்றி வாசிக்க முடியாது என்பதிலும் அப்படியே. இணைவாழ்வுக்கு வேறு வடிவத்தில் சட்ட அங்கீகாரம் கேட்கும் உரிமை உண்டா, சேர்ந்து தத்தெடுக்கலாமா என்ற கேள்விகளில்தான் பிளவு. சந்திரசூட், கவுல் உண்டு என்ற பக்கம். பட், கோலி, நரசிம்மா இல்லை என்ற பக்கம். மூவர் சொன்னது தீர்ப்பானது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடி ஆகிவிட்டன.

வட சென்னையில், ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ திருவொற்றியூரிலோ ஒரே கூரையின்கீழ் குடித்தனம் நடத்தும் இரண்டு பெண்களுக்கும் இரண்டு ஆண்களுக்கும் இதற்குப் பிறகு கையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை. திருமணப் பதிவேட்டில் போடும் ஒரு கையெழுத்து தருகிற பாதுகாப்பில் பெரும்பகுதியைத் தனித்தனிக் காகிதங்களாகச் சேர்த்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு காகிதமும் எங்கே அறுந்துபோகும் என்று தெரிந்து எழுத வேண்டும். தெரியாமல் எழுதியது, மிகவும் தேவைப்படும் நாளில் பிறந்த வீட்டார் முன் செல்லாமல் போய்விடும். அது ஒருவரின் வீட்டை, சேமிப்பை, சில நேரம் உடலைக்கூட இன்னொருவரிடமிருந்து பறித்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இணையரில் ஒருவர் திருநங்கை, மற்றவர் ஆண் என்றால் அவர்களுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். தூத்துக்குடியில் கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்ததால் வந்த வழக்கு அது. ஆண்-பெண் உறவில் இருக்கும் திருநர் இன்றைய சட்டத்தின்படியே மணக்கலாம் என்று சுப்ரியோ அமர்வும் சொல்லிவிட்டது. பதிவாளர் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. முத்திரைத்தாளில் 'இன்று முதல் கணவன் மனைவியாக' என்று எழுதி நோட்டரி முத்திரை குத்தித் தருவதாக யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். எந்த அலுவலகத்திலும் அது திருமணமாக நிற்காது. 'இன்ன தேதியிலிருந்து இன்ன முகவரியில் இருவரும் ஒரே குடும்பமாக வாழ்கிறோம், செலவைப் பகிர்கிறோம்' என்று உண்மையை மட்டும் சொல்லும் பிரமாணப் பத்திரம் வேறு. அது பின்னால் சாட்சியமாக உதவும்.

வீட்டை விட்டு வரும்போது

பெரும்பாலும் முதல் அடி காவல் நிலையத்திலிருந்துதான் வருகிறது. பிள்ளையைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுப்பார்கள். அது பலிக்காவிட்டால் நகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று அடுத்த புகார் வரும். இதனால்தான், கிளம்பும்போது அம்மா போட்ட சங்கிலியாக இருந்தாலும் நகை எதையும் எடுக்காதீர்கள். குடும்பத்தார் பெயரில் இருக்கும் சிம், வண்டி, ஏடிஎம் கார்டு எதுவும் வேண்டாம். எடுக்க வேண்டியவை ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். வயதுக்கு ஆதாரமாக மதிப்பெண் பட்டியல் ஆதாரைவிட வலுவானது. இருவரில் ஒருவருக்கு 18 முடிய ஒரு நாள் குறைந்தாலும் காத்திருங்கள். மற்றவர்மேல் கடத்தல் வழக்கும் போக்சோ வழக்கும் பாயும்.

கிளம்பிய அன்றே இருவரும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். 'நான் வயது வந்தவர், என் விருப்பத்தில் வந்தேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை, என் வீட்டார் புகார் கொடுத்தால் இந்த எண்ணில் என் வாக்குமூலத்தைப் பெற்றுக்கொள்ளலாம்' என்ற அளவு போதும். பிறந்த வீடு இருக்கும் எல்லைக் காவல் நிலையம், இப்போது தங்கும் எல்லைக் காவல் நிலையம், வண்ணாரப்பேட்டை துணை ஆணையர் அலுவலகம் போன்ற மேல் அலுவலகம் ஒன்று என மூன்று இடத்துக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு இல்லை என்று தோன்றினால் தங்கும் இடத்தின் முகவரிக்குப் பதிலாக வழக்கறிஞரின் முகவரியைக் கொடுக்கலாம்.

கடிதத்தில் ஒரு வழக்கின் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்: சுஷ்மா எதிர் காவல் ஆணையர், சென்னை உயர் நீதிமன்றம், 2021 ஜூன் 7. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கு அது. காணவில்லை என்ற புகாரை விசாரிக்கும்போது, வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்து இருப்பது தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளையும் தடை செய்தார். அதைத் தொடர்ந்து 2022இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைச் சேர்த்தது. தன்பாலினத்தவர், திருநர் உள்ளிட்ட இந்தச் சமூகத்தினரைக் காவலர் துன்புறுத்தினால் அது ஒழுங்கு மீறல். ஸ்டேஷனில் எழுத்தரிடம் வழக்கின் பெயரோடு இந்த விதியின் எண்ணையும் சொன்னால் பேச்சின் தொனி மாறும். இந்த இரண்டையும் மனப்பாடமாக வைத்திருப்பது வீண் போகாது.

பிறந்த வீட்டார் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டால் வழி ஆட்கொணர்வு மனு. உயர் நீதிமன்றம் நமக்குப் பாரிமுனையிலேயே இருக்கிறது. 2025 மே மாதம் இதே மாதிரி அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவரை விடுவித்தார்கள். திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்று அதில் எழுதினார்கள். வழக்கறிஞர் வைக்கக் காசு இல்லை என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, தொலைபேசி 15100.

ஒரு வெள்ளைத்தாள்

கட்டில் இருக்கும் காகிதங்களிலேயே மிக மலிவானதும் மிகக் குறைவாகத் தெரிந்ததும் இது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 14: வயது வந்த எவரும் தன் 'நியமனப் பிரதிநிதி' யார் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்துவிட்டால் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு வேண்டாம்.

இதன் பயன் என்னவென்று பாருங்கள். மகள் இன்னொரு பெண்ணோடு வாழ்கிறாள் என்று தெரிந்ததும் 'புத்தி பேதலித்துவிட்டது' என்று சொல்லி மனநல மருத்துவமனையில் சேர்க்கப் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. பிரிவு 89இன்படி ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க, நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும். யாரையும் நியமிக்காதபோது அந்த இடம் உறவினருக்குப் போகிறது. நீங்கள் இணையரை நியமித்து எழுதிவிட்டால் அந்த விண்ணப்பத்தைப் போடும் அதிகாரம் பெற்றோரிடமிருந்து நகர்ந்துவிடுகிறது. அயனாவரம் பக்கத்து மனநலக் காப்பகமானாலும் தனியார் நர்சிங் ஹோம் ஆனாலும் இதே சட்டம்தான். பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு கூடாது என்று அதே சட்டத்தின் 18ஆம் பிரிவில் சொல்லியும் இருக்கிறது. இரண்டு பிரதி எழுதி ஒன்றை இணையரிடமும் ஒன்றை வழக்கறிஞரிடமும் கொடுத்து வையுங்கள். சேர்ந்து வாழத் தொடங்கும் வாரத்திலேயே முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

ஸ்டான்லியில்

உடம்புக்கு முடியாமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனால், சேர்க்கை எழுதும் இடத்தில் கேட்பது ஒரே கேள்வி: "பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?" ஃபார்மில் உறவுமுறை என்று ஒரு கட்டம். அறுவை சிகிச்சைச் சம்மதப் படிவத்தில் கீழே இன்னொரு கட்டம். 'அக்கா', 'தம்பி' என்று எழுதிச் சமாளிக்கிறவர்கள் பலர். அந்த நேரத்துக்கு வேலை நடக்கும். ஆனால் உண்மையான அக்கா வந்து நின்றால், பொய் சொன்னவர் என்ற பெயரோடு வெளியே நிற்க வேண்டிவரும். 'உடன் வாழ்பவர், நோயாளி எழுதிக் கொடுத்த கடிதம் இணைப்பு' என்று எழுதுவதே கடைசிவரை நிற்கும்.

சட்டம் இங்கே ஓரளவு நம் பக்கம். நினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளியின் சம்மதமே போதும்; உறவினர் கையெழுத்து மருத்துவமனை வழக்கம். ஆகவே நினைவு இருக்கும்போதே கடிதம் எழுத வேண்டும். 'என் சிகிச்சை விவரங்களை இவரிடம் சொல்லலாம், நான் பேச முடியாத நிலையில் என் சார்பில் முடிவைக் கேட்க வேண்டியவர் இவர்' என்று இணையரின் பெயர், தொலைபேசி எண்ணோடு எழுதி இரு சாட்சிகள் கையெழுத்து வாங்கி, கேஸ் ஷீட்டோடு சேர்த்துப் பின் அடிக்கச் சொல்லுங்கள். தனியாகக் கையில் வைத்திருக்கும் கடிதம் ஷிப்ட் மாறியதும் காணாமல் போகும். கேஸ் ஷீட்டில் இருப்பது நோயாளியோடு வார்டுக்கு வார்டு போகும்.

பலர் இதற்காகப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக்கொள்கிறார்கள். பவர் இருக்கிறதே என்ற நிம்மதி வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201இன்படி எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் மனநிலை தவறினாலும் பவர் முடிந்துவிடும். நினைவிழந்து கிடக்கும் நாளில், எதற்காக எழுதினீர்களோ அந்த வேலைக்கே அதை நம்ப முடியாது. அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது உயிர்காப்புச் சிகிச்சை பற்றிய முன்கூட்டிய உயில். உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து, 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட் அதிகாரி போதும். உங்களுக்காக முடிவெடுக்கும் பாதுகாவலர் என்று அதில் இணையர் பெயரை எழுதலாம்.

எந்தக் காகிதத்தாலும் முடியாத ஒன்றும் உண்டு. சிறுநீரகம் கெட்டு மாற்று உறுப்பு தேவைப்பட்டால், சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர் பட்டியலில் கணவன் மனைவி உண்டு, இணையர் இல்லை. ஒருவருக்கு ஒருவர் கொடுக்க நினைத்தால் அங்கீகாரக் குழுவின் முன் போய், இது காசுக்கு நடப்பது இல்லை என்று முன்பின் தெரியாதவர்களைப் போல நிரூபிக்க வேண்டும். பத்து வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களை அப்படி நிற்க வைப்பது கொடுமை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

பணமும் வீடும்

வங்கியில் இப்போது தடை இல்லை. இணையர் சேர்ந்து கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்ட் 21 அன்று தெளிவுபடுத்தியது. நிதி அமைச்சகமும் அதே மாதம் 28ஆம் தேதி அறிவித்தது. கிளையில் இழுத்தடித்தால் இந்தத் தேதிகளைச் சொல்லிக் கேளுங்கள். கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்' என்ற முறையில் தொடங்குங்கள். இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற முறையில் தொடங்கிவிட்டால் ஒருவர் ஐசியூவில் இருக்கும்போது மற்றவர் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

நாமினி என்றால் பணம் அவருக்கே சொந்தம் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர். சொந்தக்காரர் சட்டப்படியான வாரிசு. 1984இல் சர்பதி தேவி வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொல்லி வருகிறது. ஆயுள் காப்பீட்டில் 2015இல் ஒரு விலக்கு வந்தது. நாமினி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் என்றால் பணம் அவர்களுக்கே சொந்தம். இணையர் அந்த வரிசையில் இல்லை. அதனால் எல்ஐசி பாலிசியில் பெயர் இருந்தாலும், இறந்தவரின் அம்மாவோ அண்ணனோ வழக்குப் போட்டு அந்தப் பணத்தை வாங்கிவிட முடியும், உயில் இல்லாவிட்டால். வருங்கால வைப்பு நிதியில் நிலைமை இன்னும் இறுக்கம். உங்களை நம்பி வாழும் பெற்றோர் இருந்தால் விதிப்படி அவர்களும் குடும்பம். குடும்பம் இருக்கும்போது வெளி ஆளை நாமினியாகப் போட்டால் செல்லாது. பிஎஃப் பணத்தை நம்பி இணையருக்கான எதிர்காலத்தைத் திட்டமிடாதீர்கள்.

ஆக எல்லாம் உயிலில் வந்து நிற்கிறது. உயில் இல்லாமல் இறந்தால் எந்த மதத்தின் வாரிசுரிமைச் சட்டத்திலும் இணையருக்கு ஒரு செங்கல்கூடக் கிடைக்காது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்க வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. சாட்சியாகப் போட்டவர்கள் இருவரும் வயதானவர்கள், உங்களுக்கு முன்பே போய்விட்டார்கள். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். உங்களைவிட இளையவர்களாக, ஊர் மாறாதவர்களாகப் பார்த்துப் போடுங்கள். அடுத்தது, உயில் எழுத ஆளைக் கூட்டி வந்ததும் காசு கொடுத்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் இணையரே. சொத்து பெறுகிறவரே முன்னின்று எழுதிய உயிலை நீதிமன்றங்கள் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். அன்று இணையர் வீட்டில் இருக்கட்டும், சாட்சியாகவும் கூடாது. இன்னொன்று, பெற்றோருக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு வரிகூட இல்லாமல் இருப்பது. 'என் பெற்றோருக்கு வேறு ஆதரவு இருக்கிறது. இத்தனை வருடம் என்னைப் பார்த்துக்கொண்டவர் இவர்' என்று இரண்டு வரி எழுதுங்கள். உடல்நலம் சரியில்லாதவர் என்றால் தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று அன்றைய தேதியில் மருத்துவர் சான்றும் சேருங்கள்.

பதிவு செய்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறவர்கள் அதிகம். வீட்டுப் பத்திரத்தை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், உண்மைதான். உயில் அப்படிக் கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அது 3ஆம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவர் அனுப்பும் முகவருக்கும் தவிர யாருக்கும் நகல் தர மாட்டார்கள். இன்னும் ரகசியம் வேண்டுமென்றால் உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் முறையும் இருக்கிறது.

மதத்துக்கு மதம் உயில் மாறுவதை நம் பகுதியில் கவனிக்காமல் விட முடியாது. ராயபுரம், காசிமேட்டில் கிறிஸ்தவர்கள் நிறைய. அவர்கள் எழுதிய உயில், எழுதியவருக்குத் திருமணம் ஆனதும் தானாக ரத்தாகிவிடும். வீட்டார் ஒரு பெண்ணுக்குக் கட்டாயக் கல்யாணம் செய்துவைத்து, பிறகு அவர் தப்பி இணையரிடமே திரும்பி வந்தாலும் பழைய உயில் செத்ததுதான்; புதிதாக எழுத வேண்டும். இந்துக்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டை முஸ்லிம்களுக்கு வேறு தடை: வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் கொடுக்க முடியாது. மீதியைக் கொடுக்க வேண்டுமானால் வாழும்போதே ஹிபா என்னும் கொடையாக, சொத்தைக் கைவசம் ஒப்படைத்துக் கொடுக்க வேண்டும்.

வாழும்போதே கொடுப்பதற்குத்தான் விலை அதிகம். திருமணம் என்ற ஒரு கையெழுத்தின் மதிப்பு ரூபாயில் தெரியும் இடம் இது. 20 லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள ஒரு சின்ன ஃபிளாட்டைக் கணவன் தன் மனைவிக்கு செட்டில்மென்டாக (வாழும்போதே எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதினால், தமிழ்நாட்டில் 2023 ஜூலைக்குப் பின் உள்ள கணக்கில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. ஆக 20,000மும் 10,000மும் சேர்ந்து 30,000 ரூபாய். அதே ஃபிளாட்டை இணையருக்கு எழுதினால் குடும்ப உறுப்பினர் பட்டியலில் இணையர் இல்லை. 7 சதவீதம் தீர்வை, 2 சதவீதம் கட்டணம், மொத்தம் 1,80,000. அதோடு முடியவில்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்தோ பணமோ இலவசமாக வந்தால், வருமான வரிச் சட்டம் அதைப் பெற்றவரின் வருமானமாகச் சேர்க்கும். ஃபிளாட் வாங்கிக்கொண்டவர் அந்த ஆண்டு 20 லட்சம் சம்பாதித்ததாகக் கணக்கு. உயிலில் வந்தால் இந்த வரி இல்லை, தீர்வையும் இல்லை. எனவே இந்துவாகவோ கிறிஸ்தவராகவோ இருந்தால் கொடை வேண்டாம், உயில் எழுதுங்கள். முஸ்லிம் இணையருக்கோ உயிலிலும் எல்லை, கொடையிலும் வரி.

இனிமேல்தான் வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் எளிய வழி ஒன்று உண்டு. கிரயப் பத்திரத்திலேயே இருவர் பெயரும், ஆளுக்குப் பாதி என்ற குறிப்பும் இருக்கட்டும். அவரவர் பங்குப் பணம் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து போகட்டும். பின்னால் பெயர் மாற்றும் செலவு இல்லை. ஒருவர் பாதியை மற்றவருக்கு எழுதும் இரண்டு உயில்களையும் அதே மாதத்தில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் இணையரின் அண்ணன் பாதி வீட்டுக்குச் சொந்தக்காரராக வந்து நிற்பார். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் இருவரையும் வாடகைதாரர் என்றே எழுதச் சொல்லுங்கள். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் மற்றவர் விருந்தாளிதான். ஹவுஸ் ஓனர் நினைத்த நேரத்தில் 'யாருப்பா நீ' என்று கேட்கலாம்.

ரேஷன் கார்டு

இணையரை ரேஷனில் ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று மத்திய அரசு 2024இல் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடைமுறையில் சிக்குவது வேறு இடத்தில். புதிய கார்டு வேண்டுமென்றால் பழைய கார்டில் பெயர் நீக்க வேண்டும். பெயர் நீக்க பழைய கார்டில் பதிவான கைபேசிக்குத்தான் ஓடிபி போகும். அது அப்பாவின் கையில் இருக்கும். ஆன்லைனில் திரும்பத் திரும்ப முயன்று பயனில்லை. தனி முகவரி ஆதாரத்தோடு மண்டல உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்து மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

கார்டு கிடைத்தாலும் அதோடு வரும் எல்லாம் வந்துவிடாது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்கு என்பதால் அங்கே இணையர் என்பது தடையில்லை. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் குடும்பம் என்பதற்குச் சட்டப்படியான கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், நம்பி வாழும் பெற்றோர் என்று வரையறை. ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரும் திட்டத்தில், ஒரே கார்டில் பெயர் இருந்தும் இணையர் வெளியே.

இறந்த பிறகு

2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் எழுதிய கடிதத்தில், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையர் உடலைப் பெறலாம் என்று இருக்கிறது. உறவினர் வந்துவிட்டால் இந்தக் கடிதம் உதவாது. மார்ச்சுவரி வாசலில் சட்டம் பேசி வெல்வது கடினம். உயிலில் இறுதிச் சடங்கை இணையர் நடத்த வேண்டும், மூலக்கொத்தளமோ காசிமேடு கல்லறையோ எது என்று எழுதி வைத்தால் காவல் ஆய்வாளரிடம் காட்ட ஒரு தாளாவது இருக்கும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் இணையர் பெயர் வராது. அதனால் சான்றிதழ் கேட்கும் ஒவ்வொரு அலுவலகத்திலும் உயிலைக் காட்டித்தான் தொடங்க வேண்டும்.

கோட்டையில் என்ன செய்யலாம்

இத்தனைக்கும் பிறகு நான் உறுதியாக நம்புவது இது: டெல்லிக் கதவு மூடியதால் எல்லாம் மூடிவிடவில்லை. திருமணம் பொதுப் பட்டியலின் 5ஆம் இனம். மாநிலச் சட்டமன்றமும் சட்டம் இயற்றலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். இதைத் தமிழ்நாடு ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது.

சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1950களில் தீர்ப்பளித்தது. புரோகிதரும் சடங்கும் இல்லாமல் மணந்தவர்களின் பிள்ளைகள் சொத்துரிமைக்கு நாதியில்லாமல் நின்றார்கள். 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ திருமணம் முடிந்தது. அதற்கு முன் நடந்தவையும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று பின்தேதியிட்டுச் சொன்னது. அந்தப் பிரிவை எடுத்துப் படியுங்கள். ஒருவர் மற்றவருக்கு மாலையிடுவது, மோதிரம் அணிவிப்பது பற்றிய வரியில் ஆண் பெண் என்ற பேச்சே இல்லை. வாய்மொழி உறுதியைச் சொல்லும் வரியில்தான் மனைவி, கணவன் என்று வருகிறது. 5ஆம் பிரிவில் மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 என்ற வயதுக் கணக்கு வருகிறது. திருத்த வேண்டிய சொற்கள் சில வரிகளுக்குள் அடங்கும். 1989இல் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சமபங்கு தந்த திருத்தமும் இப்படி மாநிலம் செய்ததே. மத்தியச் சட்டம் 2005இல்தான் அந்த இடத்துக்கு வந்தது.

இந்துச் சட்டத்தை மட்டும் திருத்தினால் ராயபுரத்துக் கிறிஸ்தவர்களும் மண்ணடி முஸ்லிம்களும் விடுபடுவார்கள். அதனால் சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவருவதே சரி என்று நினைக்கிறேன். ஒப்புதல் கிடைக்காமல் போகலாம். அனுப்பாமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

ஒப்புதலே தேவைப்படாதவையும் இருக்கின்றன. இருவர் ஒரே குடும்பமாக வாழ்வதை எழுதிப் பதிவு செய்யும் குடும்ப இணைப்புப் பத்திரம் ஒன்றை அங்கீகரிக்கலாம் என்று 2023 நவம்பரில் சுஷ்மா வழக்கிலேயே உயர் நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது. முத்திரைத் தீர்வையைக் குறைக்க மாநில அரசுக்கு முத்திரைச் சட்டம் பிரிவு 9இல் அதிகாரம் இருக்கிறது. செட்டில்மென்ட் சலுகைக்கான குடும்பப் பட்டியலில் இந்தப் பத்திரம் பதிவு செய்த இணையரைச் சேர்க்க ஓர் அரசாணை போதும். மருத்துவக் காப்பீட்டில் குடும்ப வரையறையை மாற்ற ஓர் அரசாணை. ரேஷன் விண்ணப்பத்தின் உறவுமுறைப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்க்க ஒரு சுற்றறிக்கை.

சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கப் போகும்போது 'எங்களுக்குத் திருமண உரிமை வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வரியைப் படித்து டெல்லியைக் கை காட்டுவது எளிது. மேலே சொன்ன மூன்று ஆணைகளைத் தனித்தனிக் கோரிக்கையாக, எந்தத் துறை என்ற குறிப்போடு எழுதுங்கள்: பதிவுத்துறை, மக்கள் நல்வாழ்வுத்துறை, உணவுத்துறை. ஸ்டான்லியில், சார்பதிவாளர் அலுவலகத்தில், ரேஷன் அலுவலகத்தில் உங்களுக்குக் கிடைத்த எழுத்து மறுப்புகளின் நகலை இணையுங்கள். பெயரை மறைத்து இணைத்தாலும் பரவாயில்லை. ஒரு பிரதியைத் தலைமைச் செயலருக்கு, தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை 600009 என்ற முகவரிக்கு அனுப்பி, முப்பது நாள் கழித்து மனுவின் நிலை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.